நிலத்தில் விளையாட விடுவோரின் பொறுப்பு

(சங்க உறுப்பினர் கல்விப் பாடம்)

சம்பா அறுவடை முடிந்து நெல் களம் சேர்ந்தபின், திருநின்றவூர் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் வயல்கள் சில வாரங்களுக்கு ஊர்ப் பிள்ளைகளின் உடைமையாகிவிடுகின்றன. காய்ந்த தாளை மிதித்துச் சமன்செய்து கபடிக்குக் கோடு கிழிக்கிறார்கள். மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பம்புசெட்டுத் தொட்டியில் இறங்கிக் குளித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். நிலத்துக்குரியவரும் அதைக் கண்டு மகிழ்கிறாரேயன்றித் தடுப்பதில்லை. 2021-ஆம் ஆண்டில் இவ்வூர் நகராட்சியாயிற்று. வீட்டுமனைகள் பெருகப் பெருகத் திறந்த வெளிகள் சுருங்கி வருகின்றன. ஆகவே, பிறர் நிலத்தில் விளையாடும் வழக்கம் இனி மிகுமேயன்றிக் குறையாது.

இவ்வாறு விளையாடும்போது ஒருவருக்குக் கால் முறிந்தால், அல்லது அதனினும் கொடியது நேர்ந்தால், நிலத்துக்குரியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா? ஆமெனில், எந்த அளவுக்கு? இதுவே இப்பாடத்தின் பொருள்.

இக்கேள்வி ஏட்டளவில் எழுந்ததன்று. இவ்வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் பொதுக்குழுவுக்கு நாம் சென்றிருந்தபோது, நம் கண்ணெதிரே எழுந்தது. அச்சங்கத்தின் நூல் கிடங்குக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. காலையில் பாவு விரிப்பார்கள். மாலையில் பிள்ளைகள் ஆடுவார்கள். மூலையில், முன்பு சாயம் தோய்க்க நீர் இறைத்த பழைய கிணறு ஒன்று, கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது. பாவுக்கு நட்ட முளையைப் பிடுங்கியபின் மூடாமல் விட்ட குழியில் கால் சிக்கிப் பையன் ஒருவனுக்கு எலும்பு முறிந்தது. அவன் தந்தை வழக்குத் தொடுக்கவில்லை. எனினும், நிர்வாகக் குழு அச்சங்கொண்டு, திடலுக்கு வேலியிட்டுப் பூட்டுவது என்று தீர்மானம் கொண்டுவந்தது. அப்பொழுது முதியவர் ஒருவர் எழுந்தார். "தலைவர் அவர்களே, பூட்டிவிடுங்கள். பிள்ளைகள் ஆட்டத்தை விடப்போவதில்லை. தண்டவாளத்தோரம் போவார்கள், ஏரிக்குப் போவார்கள். அங்கே விழுந்தால் சங்கத்தின்மேல் வழக்கு வராது. பிள்ளையும் வராது" என்று சொல்லி அமர்ந்தார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. சட்டம் யாது சொல்கிறது என்று நம்மைக் கேட்டார்கள். அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்கின்றோம்.

1. நிலத்தில் கால்வைப்போர் மூவகையர்

பிறர் நிலத்தில் கால்வைப்போரைச் சட்டம் நெடுங்காலமாக மூவகையாகப் பிரித்து வந்திருக்கிறது. நிலத்துக்குரியவரின் தொழிலை முன்னிட்டு வருபவர் முதல்வகையினர். நூல் வாங்க வரும் நெசவாளர், நெல் அளக்க வரும் வியாபாரி, கட்டணம் செலுத்திப் பந்தயம் பார்க்க வருபவர் ஆகியோர் இவ்வகையில் அடங்குவர். தம் மகிழ்ச்சிக்காக, உரியவரின் இசைவோடு வருபவர் இரண்டாம் வகையினர். வயலில் கபடி ஆடும் பிள்ளைகள் இவர்களே. இசைவின்றி நுழைபவர் மூன்றாம் வகையினர்.

முதல்வகையினர் பால் கடமை மிகப் பெரிது. அபாயத்தை அறியாதிருந்தேன் என்பது அங்கே எளிதில் எடுபடாது. அறிந்திருக்க வேண்டுமே என்று நீதிமன்றம் கேட்கும். இரண்டாம் வகையினர் பால் கடமை அளவானது. மூன்றாம் வகையினர் பால் கடமை குறைவு. ஆயினும் இல்லாமற் போவதில்லை. இந்தப் பாகுபாடு இங்கிலாந்தில் வளர்ந்து, நம் நாட்டு நீதிமன்றங்களும் கையாண்டுவந்தது. இங்கிலாந்திலேயே 1957-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி முதலிரு வகைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. தீங்கியல் வழக்குகளில் நம் நீதிபதிகள் தீர்ப்புகளைக் கொண்டும் பொது அறிவைக் கொண்டுமே முடிவு செய்கிறார்கள்.

2. 1882-ஆம் ஆண்டுச் சட்டம்

ஆயினும் இரண்டாம் வகையினரைப் பற்றி நம்மிடையே எழுத்தில் அமைந்த விதி ஒன்று உண்டு. பலர் அறியாதது அது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்துமாறு இயற்றப்பட்டது. அதன் 52-ஆம் பிரிவு 'உரிமம்' இன்னதென்று வரையறுக்கிறது: ஒருவருக்கோ, வரையறுத்த எண்ணிக்கையுள்ள பலருக்கோ, தம் நிலத்தில் ஒன்றைச் செய்துகொள்ள உரியவர் அளிக்கும் இசைவு அது. 54-ஆம் பிரிவின்படி இவ்விசைவை வாயால் சொல்லவும் வேண்டுவதில்லை. நடத்தையால் விளங்கினாலே போதும். ஆண்டுதோறும் ஒரு குழுவினர் உங்கள் வயலில் ஆடுவதைக் கண்டும் பேசாதிருந்தீர்களாயின், 'நான் இசைவு தரவில்லை' என்று பின்னர் சொல்வது கடினம்.

இனி 57, 58 ஆகிய இரு பிரிவுகளையும் நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இசைவு பெற்றவருக்கு ஊறு விளைக்கக்கூடிய குறை ஏதேனும் நிலத்தில் இருந்து, அதை உரியவர் அறிந்து, வருபவர் அறியாதிருந்தால், அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது 57. இசைவு பெற்றவருக்கு ஊறு நேரும்படி நிலத்தைப் பின்னர் அபாயமுள்ளதாக ஆக்கலாகாது என்பது 58. சுருங்கச் சொன்னால் இரண்டே கட்டளைகள்: அறிந்த அபாயத்தை மறைக்காதே, புதிய அபாயத்தை உண்டாக்காதே.

இவ்விரண்டையும் நம் திடலுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆடுபவன் ஒருவன் மற்றொருவனைப் பிடித்து இழுக்கையில் தோள் பிசகினால், அது ஆட்டத்தின் இயல்பு, நிலத்தின் குறையன்று. திறந்த வெளியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் வரப்பில் தடுக்கி ஒரு வயதுவந்தவர் விழுந்தால் அவரும் அதை அறிந்தவரே. ஆனால் முளை பிடுங்கிய குழியின்மேல் வைக்கோல் மூடிக் கிடந்தால் அது 57-ஆம் பிரிவின் குறை. நேற்றுவரை ஆடிய இடத்தில் இன்று எருக்குழி வெட்டி, யாரிடமும் சொல்லாமல் விட்டால் அது 58-ஆம் பிரிவின் குற்றம்.

வரையறையற்ற பொதுமக்கள் வந்து போகும் இடத்துக்கு இச்சட்டம் சொற்சொல்லாகப் பொருந்தாதென்று வாதிக்கலாம். அப்பொழுதும், முன்கூட்டி அறியத்தக்க தீங்கை நியாயமான கவனத்துடன் தடுக்கவேண்டும் என்னும் பொது விதி நிற்கிறது. முடிவு பெரும்பாலும் ஒன்றேயாகும்.

ஊறுபட்டவரின் கவனக்குறைவும் சேர்ந்தே தீங்கு நேர்ந்ததாயின், அந்த அளவுக்கு நஷ்ட ஈட்டைக் குறைக்கும் வழக்கமும் உண்டு.

3. நம் நாட்டுத் தீர்ப்புகள் மூன்று

அத்துமீறி நுழைபவரிடமும் உரியவர் மனம்போனபடி நடக்கலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1963-ஆம் ஆண்டில் உறுதியாகச் சொல்லிற்று. பீகாரில் ஒருவர், அண்டை வீட்டார் தம் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கருதி, வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டினார். அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி அதைத் தொட்டு மாண்டாள். கவனமின்மையால் உயிர்ச்சேதம் விளைத்த குற்றம் அவர்மேல் நிலைநாட்டப்பட்டது. அத்துமீறி நுழைந்தவரும் சட்டத்தின் காவலுக்குப் புறம்பானவர் அல்லர் என்பதே இத்தீர்ப்பின் உட்பொருள். பன்றிக்கு அஞ்சி வயலைச் சுற்றி மின்கம்பி கட்டும் உழவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். இரவில் பந்து தேடி வரும் பிள்ளைக்கும் பன்றிக்கும் அந்தக் கம்பி வேற்றுமை பார்ப்பதில்லை.

இரண்டாவது, தில்லிச் சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து மூவர் மாண்ட வழக்கு. 1966-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியே பொறுப்பு என்று தீர்த்தது. மணிக்கூண்டு ஏறக்குறைய 80 ஆண்டுப் பழமையானது. அவ்வகைச் சுண்ணாம்புக் கட்டடத்தின் ஆயுளோ 40, 45 ஆண்டுகளே. வெளிப்பார்வைக்குக் குறை தெரியவில்லை என்னும் வாதம் எடுபடவில்லை. பலர் நடமாடும் இடத்தில் பழைய கட்டடம் வைத்திருப்பவர் அதைச் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

மூன்றாவது, குஜராத்தின் ராஜ்கோட்டில் சாலையோர மரம் திடீரெனச் சாய்ந்து வழிப்போக்கர் ஒருவர் மாண்ட வழக்கு. 1997-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அங்கே மாநகராட்சி பொறுப்பாகாது என்று முடிவு செய்தது. ஒவ்வொரு மரத்தையும் நாள்தோறும் சோதித்து வரும் கடமையைச் சுமத்துவது இயலாதென்பதே அதன் சாரம். மனிதரால் முன்கூட்டி அறிய முடியாததற்குச் சட்டம் தண்டம் விதிப்பதில்லை. இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் சட்டத்தின் எல்லை தெளிவாகும்: தெரிந்தே கண்ணி வைப்பவர் குற்றவாளி, பார்த்திருக்க வேண்டியதைப் பாராதவர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர், பார்த்தும் காண இயலாதது நேர்ந்தால் ஒருவர் மேலும் பழியில்லை.

4. குழந்தையும் கிணறும்

வயதுவந்தவருக்கு வெளிப்படையான அபாயம் குழந்தைக்கு வெளிப்படையன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பூங்காவில் கவர்ச்சியான நச்சுப் பழங்களைத் தின்று ஏழு வயதுச் சிறுவன் மாண்டபோது, அந்நகராட்சிமேல் வழக்குக்கு இடமுண்டு என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. 1922-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான இவ்வழக்கு இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. குழந்தையைக் கவரும் பொருளே அதற்கு அபாயமாயிருந்தால், அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. எழுத்தறியாத குழந்தைக்குப் பலகை எதற்கு?

நம் நிலங்களில் அத்தகைய பொருள் கிணறேயாகும். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று திருச்சி மாவட்டம் மணப்பாறைக்கு அண்மையிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாள் நாடே விழித்திருந்தது. 29-ஆம் நாள் உடலைத்தான் எடுக்க முடிந்தது. அக்கிணறு பிறருடையதன்று, அக்குடும்பத்தின் சொந்த நிலத்திலேயே இருந்தது. நம் நிலம், நம் கிணறு, நம் குழந்தைக்குத் தெரியாதா என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்க.

அந்நிகழ்ச்சிக்கு ஒன்பதாண்டு முன்னரே, 2010-ஆம் ஆண்டில், உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்திருந்தது. கிணறு தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக உரியவர் அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றி முள்கம்பி வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயைச் சுற்றி, தரைக்குமேல் 0.30 மீட்டரும் கீழே 0.30 மீட்டரும் அமைய, சிமெண்டு மேடை கட்ட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகடு பற்றவைத்தோ, திருகாணியிட்ட வலுவான மூடியாலோ அடைக்க வேண்டும். கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்பிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதிகளுக்கென 2015-ஆம் ஆண்டில் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. சாக்குப்பையைக் கட்டி, மேலே ஒரு கல்லை வைப்பது இவ்விதிகளில் எதற்கும் பொருந்தாது.

2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, கவனமின்மையால் உயிர்ச்சேதம் விளைத்தவருக்கு ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இந்தப் பொறுப்பு சங்கத்தின் பணப்பெட்டியோடு நில்லாது. கவனக்குறைவாயிருந்த தனிமனிதரையும் சாரும். இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தோர் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்கீழ் ஈடு கோரலாம். அதற்குரிய காலவரம்பு இரண்டாண்டு.

5. பிற நாடுகள் கண்ட வழி

நிலத்துக்குரியவர்கள் அச்சத்தால் வாயிலை அடைத்துவிட்டால், மக்கள் உலவவும் விளையாடவும் இடமின்றிப் போகும். இதை அமெரிக்க மாநிலங்கள் முன்னரே உணர்ந்தன. மிச்சிகன் மாநிலம் 1953-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் செய்தது. 1965-ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்றும் எழுதப்பட்டு, பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. கட்டணமின்றி நிலத்தைப் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடுபவரின் பொறுப்பு மிகவும் குறைக்கப்படும். ஆனால் அபாயத்தை அறிந்தும் வேண்டுமென்றே எச்சரியாது விட்டவருக்கும், கட்டணம் வாங்கியவருக்கும் அக்காப்பு இல்லை என்பது அச்சட்டங்களின் பொதுவான அமைப்பு. நம் நாட்டில் இத்தகைய தனிக்காப்பு இல்லாமையால், நாம் நம் கவனத்தையே காப்பாகக் கொள்ளவேண்டும்.

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் மணல் எடுத்துக் கைவிட்ட பள்ளம் ஏரியாகிப் பூங்காவாயிற்று. நீந்தலாகாது என்னும் பலகையும் இருந்தது. 1995-ஆம் ஆண்டில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்ந்து, கழுத்து முறிந்து, கைகால் இயக்கம் இழந்தார். 2003-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை, உள்ளூராட்சி பொறுப்பாகாது என்று தீர்த்தது. அபாயம் வெளிப்படையானது, அதை அவரே தேர்ந்துகொண்டார். ஒருவரின் துணிச்சலுக்காக, தீங்கின்றி மணற்கரையில் அமர்ந்து மகிழும் மற்றெல்லாரையும் விரட்டுவது முறையாகாது என்றும் நீதிபதிகள் கருதினார்கள்.

இத்தீர்ப்பை நம் ஏரிகளுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. கரையோரம் இடுப்பளவு நீர் என்று தலைமுறை தலைமுறையாக ஊரார் அறிந்திருக்கும் இடத்தில், சென்ற கோடையில் சவுடு மண் அள்ளிய பள்ளம் மழைநீருக்கடியில் மறைந்து கிடந்தால், அது வெளிப்படையான அபாயமன்று, மறைந்த கண்ணியேயாகும். வயலிலோ பட்டா நிலத்திலோ மண் எடுக்க விட்டவர், மழைக்கு முன் அப்பள்ளத்தைச் சரித்துச் சமன்செய்தோ வேலியிட்டோ வைக்கவேண்டும்.

6. கட்டணமும் விழாவும்

திடலுக்கு வாடகையோ நுழைவுக் கட்டணமோ வாங்கிய அன்றே நம் நிலை மாறிவிடுகிறது. வருபவர் இரண்டாம் வகையினின்று முதல்வகைக்கு உயர்கிறார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடவும் அவருக்கு வழி பிறக்கிறது. கட்டணம் வாங்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. வாங்கினால் அதில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கும், பொதுப் பொறுப்புக் காப்புறுதிக்கும் ஒதுக்கிவிடுங்கள் என்கிறோம்.

விழாக் கூட்டம் தனிக் கவனத்துக்குரியது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 5 அன்று சென்னைப் புறநகரான மூவரசம்பட்டின் குளத்தில், கோயில் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் மூழ்கி மாண்டார்கள். புனிதக் காரியமாயினும் பொங்கல் விளையாட்டாயினும், நீரின் ஆழத்தை முன்னரே அளந்து, கயிறு கட்டி எல்லை குறித்து, நீந்தத் தெரிந்தவரைக் கரையில் நிறுத்துவது நடத்துவோரின் முதற்கடமை.

வேறோர் அச்சமும் உழவர் மனத்தில் உண்டு: நெடுநாள் ஆட விட்டால் நிலமே போய்விடுமோ என்பது. இசைவின்பேரில் ஆடுபவருக்கு எத்தனை ஆண்டாயினும் உரிமை பிறவாது. உரிமையாகவே கோரி, தடையின்றி 20 ஆண்டு பயன்படுத்தினால்தான் வசதியுரிமை பற்றிய பேச்சு எழும். ஆனால் உங்கள் இசைவை நம்பி, பிறர் தம் செலவில் நிலையான கட்டடம் எழுப்பிவிட்டால், இசைவைத் திரும்பப் பெறுவது 60-ஆம் பிரிவின்படி இயலாமற் போகலாம். ஆகவே ஆட விடுங்கள். மேடை கட்ட விடுமுன் யோசியுங்கள்.

7. சங்கங்கள் செய்யத்தக்கவை

இந்தியாவில் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதன்முதல் பதிவான கூட்டுறவுக் கடன் சங்கம், திருநின்றவூருக்கு அண்மையிலுள்ள திரூரில் தோன்றியது. அன்றுதொட்டுச் சட்டத்தின் கண்ணில் பதிவுபெற்ற சங்கம் ஒரு தனி ஆளாகும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அவ்வாறே கொள்கிறது. வழக்கு சங்கத்தின் பெயரில் வரும். ஈடு, உறுப்பினர் அனைவரும் சேர்த்த நிதியிலிருந்து போகும். ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் மேற்கொள்ளலாம்.

அ. திடலை ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும், குழுவினர் இருவர் நடந்து பார்த்து, கண்ட குறைகளைக் குறிப்பேட்டில் எழுதுதல்.

ஆ. கிணறு, பள்ளம், அறுந்த மின்கம்பி, சாய்ந்த சுவர் ஆகிய நான்கையும் முதலில் சரிசெய்தல். பாவு முளைகளைப் பிடுங்கிய அன்றே குழிகளை மூடுதல்.

இ. இளைஞர் குழுவுக்கு எழுத்துமூலம் இசைவு தருதல். ஆடும் இடம், நேரம், ஆடலாகாத இடம் ஆகியவற்றை அதில் குறித்தல். தெரிந்த அபாயங்களைச் சொல்லிக் கையெழுத்துப் பெறுதல்.

ஈ. பலகையைத் தமிழில், பெரிய எழுத்தில், அபாயம் உள்ள இடத்திலேயே நடுதல். பலகை வேலிக்கு ஈடாகாது என்பதை மறவாதிருத்தல்.

உ. யாரேனும் ஊறுபட்டால் உடனே உதவி செய்து, 108-க்குச் சொல்லி, அன்றே நடந்ததைப் பதிவு செய்தல். உதவுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது.

ஊ. வழக்கு அறிவிப்பு வந்தால் வாளாவிராமல் வழக்கறிஞரை அணுகுதல். வசதியற்ற உறுப்பினர் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் இலவச உதவியை நாடலாம்.

நாம் மேலே சொன்ன சங்கம், அடுத்த பொதுக்குழுவில் தீர்மானத்தை மாற்றி எழுதியது. திடல் திறந்திருக்கும், கிணற்றுக்குச் சுவரும் இரும்பு வலையும் போடப்படும் என்பது புதிய தீர்மானம். ஆறு மாதத்துக்குப் பின் நாம் ஆய்வுக்குச் சென்றபோது பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குழிகள் மூடப்பட்டிருந்தன. கிணற்றுச் சுவர் மட்டும் பாதியில் நின்றது. நிதி ஒதுக்கீடு அடுத்த கூட்டத்துக்கு வரும் என்றார்கள். திருநின்றவூர், மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர். அவர் கட்டிய கோயிலை இறைவன் ஏற்றுக்கொண்டான். கிணற்றுச் சுவரையோ செங்கல்லால்தான் கட்டவேண்டும். அவ்வாறே ஆய்வுக் குறிப்பில் எழுதி, வேலை முடியும்வரை அம்மூலையைக் கம்பியால் அடைத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். அன்று மாலையே அடைத்தார்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இசைவு பெற்று ஆடுபவர் பால் நிலத்துக்குரியவருக்குள்ள கடமைகள் இரண்டு யாவை? எந்தப் பிரிவுகள் அவற்றைக் கூறுகின்றன?

2. மணிக்கூண்டு வழக்குக்கும் சாலையோர மர வழக்குக்கும் உள்ள வேற்றுமை யாது?

3. உங்கள் சங்கத்தின் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்கு அங்கே கவர்ச்சியாயிருப்பவை எவை? அவற்றுள் அபாயமானவை எவை? எழுதி, அடுத்த குழுக் கூட்டத்தில் வையுங்கள்.